ஒரே வன்தட்டில் இரண்டு குடித்தனம்

காலையில் ஒலிவாங்கி முன் அமர்ந்து நேயர்களுக்கு மணி சொல்வது என் வேலை. அப்படிப்பட்டவள் வீட்டு மடிக்கணினி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 மணியைக் காலை 6 மணி என்று காட்டியது. பழுதாகிவிட்டதோ என்று பயந்தேன். பழுதில்லை, விண்டோஸ் இருந்த வீட்டில் லினக்ஸும் குடிவந்ததால் வந்த வேடிக்கை அது.

2017இல் வாங்கிய கணினி, இன்றும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், என் கணினியின் ஏழாம் தலைமுறை இண்டெல் சில்லு அதற்கான தகுதிப் பட்டியலில் இல்லை. புதிது வாங்க ஈராயிரம் ரிங்கிட்டுக்கு மேல் வேண்டும்.

பினாங்கில் கணினித் துறையில் வேலை செய்யும் தம்பியிடம் புலம்பினேன். “தூக்கிப் போட்டுடாதக்கா. விண்டோஸ் அப்படியே இருக்கட்டும், பக்கத்துல லினக்ஸ் மின்ட் போட்டுக்கலாம். காசே வேணாம்” என்றான். எனக்கும் அதுதான் வசதி. நான் காசு கொடுத்து வாங்கிய ஒலித்தொகுப்பு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும்.

முதலில் நகல்

உற்சாகத்தில் உடனே தொடங்கப் பார்த்தேன். “காப்பி எடுத்தாச்சா?” என்றான்.

“எதுக்கு? விண்டோஸைத்தான் தொடப் போறதில்லையே?”

“பாட்டி பேசினது எங்கக்கா இருக்கு?”

அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது, பாடவேலைக்காகப் பாட்டியின் தோட்டத்துக் கதைகளைப் பதிவு செய்திருந்தேன். விடியற்காலைப் பெரட்டு, பால்மரம் வெட்டியது, மழை வந்தால் போன சம்பளம் என்று 40 நிமிடம் பேசியிருப்பார். பாட்டி இப்போது இல்லை. அந்தப் பதிவு என் கணினியில் மட்டும்தான் இருந்தது. குரலை வைத்தே பிழைக்கும் நான், பாட்டியின் குரலுக்கு இன்னொரு நகல் எடுத்து வைக்கவில்லை.

அன்று மாலை முழுவதும் நகலெடுப்பதிலேயே போனது. எல்லாவற்றையும் வெளி வன்தட்டில் ஏற்றி, சில கோப்புகளைத் திறந்தும் பார்த்தேன். திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதை நகல் என்று நம்ப வேண்டும் என்பது தம்பியின் கட்டளை.

தடுப்புச் சுவர்

வன்தட்டைப் பிரிப்பது, தாமான் வீட்டு ஹாலில் பலகைத் தடுப்பு வைத்து இன்னோர் அறை எடுப்பது போன்றது. உங்கள் கணினியில் ‘பிட்லாக்கர்’ பூட்டு இருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் காகிதத்தில் எழுதி வையுங்கள். மின்கம்பியையும் செருகியே வையுங்கள். பாதி வழியில் கணினி அணைந்தால் ஆபத்து.

விண்டோஸின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டில் ‘சி’ பகுதியை வலது சொடுக்கி ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கொடுத்தேன். 280 ஜிகாபைட் காலியாக இருந்தும், 40க்கு மேல் தர மறுத்தது. ஹாலின் நடுவே பெரிய சோபா கிடந்தால் தடுப்பை எங்கே வைப்பது? அதே கதைதான். ‘ஹைபர்னேட்’ கோப்பையும் ‘பேஜிங்’ கோப்பையும் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸால் நகர்த்த முடியாது. இரண்டையும் அணைத்துவிட்டு, மறுபடி தொடங்கியதும் இடம் கிடைத்தது.

மெகாபைட் கணக்கில் 102400 என்று கொடுத்தேன். அதாவது 100 ஜிகாபைட். மின்ட்டுக்குக் குறைந்தது 20 போதும். 100 இருந்தால் தாராளம். பிரித்த இடத்துக்குப் பெயர் எதுவும் வைக்காமல், காலியாகவே விட்டுவிட வேண்டும். பிறகு பேஜிங்கைத் திரும்பப் போடலாம். ஹைபர்னேட்டும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’பும் அணைந்தே இருக்கட்டும். அவை இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாது. அந்த நிலையில் லினக்ஸ் அதன் கோப்புகளில் கைவைப்பது நல்லதல்ல.

அந்த ஒரு திரை

‘ரூஃபஸ்’ என்ற இலவச மென்பொருளால் மின்ட்டை 8 ஜிகாபைட் பென் டிரைவில் ஏற்றினேன். அதில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும், கவனம். அதிலிருந்து கணினியைத் தொடங்கினால், எதையும் நிறுவாமலே மின்ட்டை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, திரை எல்லாம் சரியாக வேலை செய்த பிறகே நிறுவத் தொடங்கினேன்.

அப்போதுதான் அந்தத் திரை வந்தது. விண்டோஸோடு சேர்த்து நிறுவு என்பது ஒரு வரி. அதற்குக் கீழே ‘எரேஸ் டிஸ்க்’, அதாவது முழுத் தட்டையும் அழித்துவிட்டு நிறுவு. இரண்டுக்கும் இடையே ஒரு விரற்கடைகூட இல்லை. நகல் பத்திரமாக இருந்தும் மூன்று முறை படித்தேன். நகல் எடுக்காமல், அவசரத்தில் கீழ்வரியை அழுத்தியிருந்தால்? நினைக்கவே பிடிக்கவில்லை.

அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. இப்போது கணினியைத் திறந்தால் மின்ட்டா, விண்டோஸா என்று கேட்கிறது.

அந்தக் கடிகாரக் குழப்பத்துக்கு வருகிறேன். லினக்ஸ், கணினியின் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸோ அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். மலேசிய நேரம் 8 மணி முன்னால் இருப்பதால், விண்டோஸ் சரியாக 8 மணி நேரம் பின்தங்கியது. லினக்ஸில் ஒரே ஒரு கட்டளை தட்டியதும் சரியாகிவிட்டது.

இணையம், மின்னஞ்சல், தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு, ‘ஆடாசிட்டி’யில் ஒலித்தொகுப்பு எல்லாம் இப்போது மின்ட்டில்தான். பழைய மென்பொருளுக்காக விண்டோஸ் பக்கம் போகும்போது இணையத்தைத் துண்டித்துவிடுவேன்.

நகலெடுத்த கையோடு பாட்டியின் பதிவை ஈப்போவில் இருக்கும் அத்தைக்கும் அனுப்பியிருந்தேன். மறுநாள் அழைத்தார். “அம்மா குரலைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு, ஆயி. இவ்வளவு நாளா ஏன் அனுப்பல?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் கணினியிலும் இப்படி ஒரு கோப்பு இருக்கக்கூடும். லினக்ஸ் போடுகிறீர்களோ இல்லையோ, இன்றைக்கே அதற்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.