பலாலியும் திருச்சிராப்பள்ளியும்: வான்வழித் தூரமும் காலமும்

இரண்டு ஊர்களுக்கிடையேயுள்ள தூரம் யாது என்னும் வினாவுக்கு விடை ஒன்றன்று. தரைவழிச் செல்வோர் கடக்குந் தூரம் வேறு. வான்வழிச் செல்வோர் கடக்குந் தூரம் வேறு. தூரத்தை அறிந்த மாத்திரத்திற் பயணகாலம் புலப்படும் என்பதும் பொருந்தாது. இவ்வுண்மைகளைப் பலாலி, திருச்சிராப்பள்ளி ஆகிய விமான நிலையங்களைக்கொண்டு விளக்கலாம்.

பூமி கோளவடிவினதாதலின், அதன் மேற்பரப்பில் ஈரிடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி பெருவட்டமொன்றின் வில்லாக அமையும். பலாலிக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட வில் ஏறக்குறைய 1.65 பாகையாகும். பெருவட்டத்தில் ஒரு பாகை 60 கடல் மைலெனக் கொள்ளப்படுதலின், இத்தூரம் 99 கடல் மைலளவினது. அஃதாவது ஏறக்குறைய 184 கிலோமீற்றர். இதிற் பாதியளவு பாக்குநீரிணையின் மேலும், எஞ்சியது தஞ்சைப் பக்கத்து நிலத்தின் மேலும் செல்லும்.

இவ்வழிக்கு ஏற்ற ஏ.ரி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானம், மட்டமாகப் பறக்குங்கால் மணிக்கு 500 கிலோமீற்றரளவு வேகமுடையது. வகுத்துப் பார்ப்பின் 22 நிமிடமே போதும். ஆயின் நேர அட்டவணையோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்குகின்றது. காரணம் யாது? அட்டவணை பறக்கும் நேரத்தை மட்டும் குறிப்பதன்று. விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வது முதல் மறு தரிப்பிடத்தில் நிற்பது வரையுள்ள காலம் அது. நிலத்தில் மெல்ல ஊர்தல், முழு வேகமின்றி மேலேறுதல், வேகந் தணித்து இறங்குதல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். மேலும், விமானம் காற்றை எதிர்த்தே எழும்புதலும் இறங்குதலும் முறையாகும். பலாலியின் ஓடுபாதை வடகிழக்குத் தென்மேற்காகக் கிடக்கின்றது; திருச்சியோ வடமேற்கில் உள்ளது. ஆகவே எழுந்த விமானம் வளைந்தே தன் வழியை அடைதல் வேண்டும். இச்செலவுகள் தூரத்துக்கேற்பக் குறைவனவல்ல. பத்து மடங்கு நீண்ட வழியில் அவை சிறு பகுதியாய் மறையும். குறுகிய வழியிலோ பறக்குங் காலத்தையும் விஞ்சி நிற்கும்.

அட்டவணையை நோக்குவோர் கடிகார வேறுபாட்டையும் கருதுதல் வேண்டும். 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் இந்திய நேரத்துக்கு முந்தியிருந்தது. இன்று இரண்டும் ஒன்றேயாதலின், புறப்படும் நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து நேரே கழிக்கலாம்.

எனினும், காலத்தை மிகுவிப்பது வழியின்மையே. எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசெம்பர் 10 இல் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குச் சென்றது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் அவ்வழி அடைபட்டது. அதனால் யாழ்ப்பாணத்தார் திருச்சி செல்வதற்குத் தெற்கே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தரைவழி சென்று, கட்டுநாயக்காவில் விமானமேறி, மீண்டும் வடக்கே 400 கிலோமீற்றருக்கு மேற் பறக்க வேண்டியவராயினர். மருத்துவத்தை நாடிய நோயாளருக்கும், உறவினரைக் காண விழைந்த முதியோருக்கும் 184 கிலோமீற்றர் 800 கிலோமீற்றராய் விரிந்தது. பலாலி 2019 ஒக்டோபர் 17 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பெற்றது. 2025 மார்ச் 30 இல் திருச்சிக்கு நேரடிச் சேவை தொடங்கிற்று.

தூரத்தை இயற்கை வகுத்தது. அதனைக் கடக்குங் காலத்தை வகுப்பது பெரும்பாலும் மனிதர் செய்யும் ஏற்பாடேயாம்.