இடைவிட்ட நொண்டலுக்கான நடைப்பயிற்சி

இடைவிட்ட நொண்டல் என்பது கால் தமனிகள் கொழுப்புப் படிவால் குறுகுவதால் நடக்கும்போது கெண்டைக்காலில் வலி தோன்றி, நின்றால் சில நிமிடங்களில் தணியும் நிலை ஆகும். புகைபிடித்தலும் நீரிழிவும் இதன் முதன்மைக் காரணிகள். முதுமையின் இயல்பு எனப் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. கும்பகோணம் பகுதியில் நன்கு அறியப்பட்ட யானைக்கால் நோய் நிணநீர்க் குழாய்களைப் பாதிப்பது. அது வேறு நோயாகும்.

வரலாறு

செருமானிய நரம்பியலாளர் வில்லெம் எர்ப் 1898 இல் இந்நோய்க்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தார்.

பயிற்சி முறை

வலி மிதமாகும் வரை நடந்து, அது நீங்கும் வரை ஓய்வெடுத்து, மீண்டும் நடக்க வேண்டும். இவ்வாறு 30 முதல் 45 நிமிடங்கள், வாரம் 3 முறையாவது, குறைந்தது 12 வாரங்கள் மருத்துவர் மேற்பார்வையில் செய்யப்படுகிறது. இப்பயிற்சி அடைப்பை நீக்குவதில்லை. கிடைக்கும் உயிர்வளியைத் தசைகள் சிறப்பாகப் பயன்படுத்தப் பழகுவதால் வலியின்றி நடக்கும் தொலைவு கூடுகிறது.

காவிரிப் படுகையில்

தஞ்சாவூரை உள்ளடக்கிய காவிரிப் படுகை சமவெளி ஆதலால் ஆற்றங்கரை, வாய்க்கால்கரைப் பாதைகள் இதற்கு ஏற்றவை. 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதைகள் தொடங்கப்பட்டன. நோயாளி முழுத் தொலைவையும் ஒரே மூச்சில் கடக்க வேண்டியதில்லை.

நடவு, களையெடுப்பு வேலைகளில் வெறுங்காலுடன் சேற்றில் இறங்கும் நீரிழிவு நோயாளிகளுக்குச் சிறு காயமும் ஆறாப் புண்ணாகலாம்.

எச்சரிக்கை

ஓய்விலும் வலி, ஆறாத புண், விரல் கருத்தல் ஆகியவை இருப்பின் நடைப்பயிற்சியைத் தவிர்த்து உடனே மருத்துவமனையை அணுக வேண்டும். காலந்தாழ்த்தினால் காலையே இழக்க நேரிடலாம்.