புள்ளியிடும் முன்னர் நிறை காண்போம்



பலெர்மோவில் வாழும் நாம் 'கிராதுவத்தோரியா' என்னும் சொல்லை நன்கறிவோம். நகரசபை வீடு வேண்டி விண்ணப்பிக்கும் குடும்பங்களின் வருமானம், அங்கத்தினர் தொகை, இருப்பிட நெருக்கடி முதலியவற்றுக்குப் புள்ளியிட்டு ஆக்கப்படும் வரிசைப் பட்டியலே அது. இருப்பது சிறிதாகவும் வேண்டுவோர் பலராகவும் உள்ளபோது எதனை முற்படுத்துவது என்று தீர்மானிக்க உலகெங்கும் இத்தகைய முறைகள் கையாளப்படுகின்றன. புள்ளிகளைக் கூட்டுதல் எளிது. எக்காரணிக்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பதே கடினம்.

ஊரில் ஆசிரியராயிருந்த நாள்களில், வெட்டுப்புள்ளிக்கு இம்மியளவு குறைந்து நின்ற மாணவன் ஒருவன், "எப்பிடிச் சேர் கணக்குப் பார்த்தவை?" என்று எம்மிடம் வினவினான். அன்று தெளிவாக விடைகூற எம்மால் இயலவில்லை. இக்கட்டுரை அவனுக்குரிய பிந்திய விடையாகும்.

இலங்கையில் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியின்போது, பொறியியல் துறைக்கு 400 புள்ளிகளுள் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 250 புள்ளிகளும், சிங்களமொழி மூலம் தோற்றியோர் 227 புள்ளிகளும் பெறவேண்டுமென வரையறுக்கப்பட்டது. 1974இல் மாவட்டக் கோட்டாவும் சேர்ந்தது. வசதி குறைந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு இடமளித்தல் நியாயமான காரணியே. வன்னிப் பிள்ளைகளும் அதனாற் பயனடைந்தனர். ஆனால் மொழியைக் காரணியாக்கியமை ஒரு தலைமுறையின் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று.

2001இல் இசட் புள்ளி முறை வந்தது. மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, மீதியை நியம விலகலால் வகுப்பதே அம்முறை. நியம விலகல் என்பது எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்துள்ளன என்பதைக் காட்டும் அளவு. சராசரி 40, விலகல் 10 ஆகவுள்ள பாடத்தில் 60 எடுத்தவர் 2 பெறுவார். சராசரி 60, விலகல் 10 ஆகவுள்ள பாடத்தில் 70 எடுத்தவரோ 1 மட்டுமே பெறுவார்.

சூத்திரம் நல்லதாயினும், யாரை யாருடன் ஒப்பிடுகிறோம் என்பதிலே தவறு நேரலாம். 2011 உயர்தரப் பரீட்சையிற் பழைய, புதிய பாடத்திட்டங்களின்கீழ்த் தோற்றியோர் ஒரே கூட்டமாகக் கணக்கிடப்பட்டனர். 2012இல் உயர் நீதிமன்றம் அதனை ஏற்காது, தனித்தனியே மீளக் கணக்கிடப் பணித்தது.

இனி, எமது பள்ளிக்கு வருவோம். நூல்கள் வாங்குவதா, மேலதிக வகுப்பு நடத்துவதா என்று திட்டமிடுவதாகக் கொள்வோம். 5 புள்ளிகளுள் நூல்களுக்குப் பயன் 3, எளிமை 5. வகுப்புக்குப் பயன் 5, எளிமை 2. நேரே கூட்டினால் நூல்கள் 8, வகுப்பு 7. பயனுக்கு இருமடங்கு நிறை கொடுத்தாலோ நூல்கள் 11, வகுப்பு 12. முதலிடம் மாறிவிட்டது! இரு கணக்கும் பிழையற்றவை. எமக்கு எது பெரிது என்னும் தீர்ப்பே வேறுபட்டது.

ஆதலால் காரணிகளையும் நிறைகளையும் எல்லோரும் அறியக் கூடிப்பேசி முதலிலே எழுதிவைப்போம். அதன் பின்னரே புள்ளியிடுவோம். விடையைக் கண்டபின் நிறையை மாற்றுவது, வேண்டியவருக்காகத் தராசைச் சாய்ப்பதற்கு ஒப்பாகும். பட்டியலின் அடியில் நிற்கும் பிள்ளை "எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்று கேட்டால், தாளை எடுத்து விரித்துக் காட்ட எம்மால் இயலவேண்டும்.