ஊரில் கரண்ட் நிற்க புதிய லைன் வேண்டும்... அது யார் நிலத்தில் போகும்?

தமிழகத்தின் பல கிராமங்களில் மின்சாரம் இருக்கிறது, ஆனால் நம்பும்படி இல்லை. கொஞ்சம் காற்றடித்தால் கரண்ட் கட். இருக்கும் நேரத்திலும் லோ வோல்டேஜ். மோட்டாரைப் போட்டால் உறுமிவிட்டு நின்றுவிடும். காயில் எரிந்தால் ரீவைண்டிங் செலவு தனி. ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று லேப்டாப்போடு வந்தவர்களும் ரெண்டே நாளில் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

"காற்றாலை, சோலார்னு இவ்வளவு கரண்ட் உற்பத்தியாகுதே, எங்க ஊருக்கு மட்டும் ஏன் வரலை?" நியாயமான கேள்விதான். பல இடங்களில் இதற்குக் காரணம் உற்பத்திக் குறைவு இல்லை. மின்சாரம் வந்து சேரும் பாதை.

கடைமடைப் பிரச்சினை

வாய்க்காலில் தலைமடைக்காரருக்குத் தண்ணீர் தாராளமாகப் பாயும். கடைமடைக்குப் போவதற்குள் வற்றிவிடும். மின்சாரமும் அப்படித்தான். துணை மின் நிலையத்திலிருந்து கிராமங்களுக்கு 11 அல்லது 22 கிலோவோல்ட் ஃபீடர்களில் மின்சாரம் போகிறது. ஃபீடர் நீள நீள, வழியில் மோட்டார்கள் கூடக் கூட, கடைசி ஊரில் வோல்டேஜ் குறையும். குறைந்த வோல்டேஜில் மோட்டார் அதிக கரண்டை இழுத்துச் சூடாகும். காயில் எரிவது இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 5 மெகாவாட் மின்சாரத்தை 11 கிலோவோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் சுமார் 260 ஆம்பியர் ஓடும். அதையே 110 கிலோவோல்ட்டில் அனுப்பினால் 26 ஆம்பியர் போதும். கரண்ட் பத்தில் ஒன்றாகக் குறைந்தால், அதே கம்பியில் வீணாகும் மின்சாரம் நூறில் ஒன்றாகக் குறையும். அதனால்தான் உயர் அழுத்த லைனை ஊர்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அங்கே புதிதாக ஒரு துணை மின் நிலையம் அமைக்கிறார்கள். 30 கி.மீ. இழுத்த ஃபீடர் 8 கி.மீ. ஆனால், கடைமடை ஊரும் தலைமடை ஆகிவிடும்.

இரண்டாவது வழி எதற்கு?

ஒரே லைனை நம்பியிருக்கும் துணை மின் நிலையத்துக்கு, அந்த லைனில் பழுது வந்தால் மொத்தமும் இருட்டு. பழுது சரியாகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்னொரு பக்கத்திலிருந்தும் லைன் வந்தால், ஒன்று விழுந்தாலும் மற்றொன்று தாங்கும். ஏதாவது ஒன்று செயலிழந்தாலும் சப்ளை நிற்கக்கூடாது என்பது மின்தொடர் திட்டமிடலின் அடிப்படை விதிகளில் ஒன்று.

பாதை எப்படி முடிவாகிறது?

தமிழகத்தில் உயர் அழுத்த லைன்கள் தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகத்தின் பொறுப்பு. வருங்காலத் தேவையைக் கணக்கிட்டு, துணை மின் நிலையத்துக்கு இடம் பார்த்து, மாற்றுப் பாதைகளை ஒப்பிட்டு, பிறகு சர்வே செய்வார்கள். காடு, ஏரி, ரயில் பாதை, நெடுஞ்சாலை, குடியிருப்பு என ஒவ்வொன்றும் ஒரு தடை அல்லது ஒரு அனுமதி.

லைன் நேராகப் போனால் செலவு குறைவு. வளையும் இடங்களில் இழுவிசையைத் தாங்க அதிக எஃகும் பெரிய அஸ்திவாரமும் கொண்ட டவர் வேண்டும். "ரோட்டோரமாப் போட்டா என்ன?" என்று கேட்டால் வளைவுகளையும் வீடுகளையும் காரணம் சொல்வார்கள். நிலத்தடி கேபிளுக்கோ பல மடங்கு செலவு. கடைசியில் பாதை, ஆள் நடமாட்டம் குறைந்த விவசாய நிலங்களின் வழியாகவே போகிறது.

சம்மதம் வேண்டாமா?

பலருக்கும் அதிர்ச்சி தருவது இதுதான். டவருக்காக நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். 2003 மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவின்கீழ் அதிகாரம் வழங்கப்பட்டால், 1885-ம் ஆண்டு தந்திச் சட்டத்தின்படி நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமலும் லைன் போடலாம்; இழப்பீடு மட்டும் தர வேண்டும். 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோதும், மின் லைன்களுக்காக இந்தப் பழைய விதிகள் தொடர்ந்தன.

110 கிலோவோல்ட் லைனுக்குக் கீழே சுமார் 22 மீட்டர் அகலப் பாதை ஒதுக்க வேண்டும். அங்கே நெல், கடலை போடலாம். தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. நிலத்தை விற்கப் போனாலும் விலை இறங்கும்.

மத்திய மின் அமைச்சகத்தின் 2015 வழிகாட்டுதலில் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85%, கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15% என்று இருந்தது. 2024 ஜூனில் இது 200%, 30% என உயர்த்தப்பட்டது. இவை வழிகாட்டுதல்களே என்பதால், மாநில அரசு ஏற்று ஆணையிட்டால்தான் அதன் லைன்களுக்கும் பொருந்தும்.

உதாரணத்துக்கு, ஒரு தோட்டத்தில் 100 மீட்டர் நீளத்துக்கு 110 கிலோவோல்ட் லைன் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கீழே வரும் நிலம் சுமார் 54 சென்ட். சென்ட் 50,000 ரூபாய் என்றால் மதிப்பு 27 லட்சம். பழைய 15% கணக்கில் சுமார் 4 லட்சம். புதிய கணக்கில் சுமார் 8 லட்சம். ஆனால் அந்த 50,000 ரூபாய் அரசின் வழிகாட்டி மதிப்பா, சந்தை விலையா? தகராறு தொடங்குவதே அங்கேதான்.

கொங்கு மண்டலம் சொன்ன பாடம்

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் லைனை எதிர்த்தும், வேறு சில உயர் அழுத்த லைன்களை எதிர்த்தும், 2018-ல் மேற்கு மாவட்ட விவசாயிகள் போராடினார்கள். சாலையோரமாகக் கேபிள் பதியுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அது ஏற்கப்படவில்லை. ஆனால் புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் லைனில், கேரளத்துக்குள் சுமார் 27 கி.மீ. தூரம் நிலத்தடி கேபிள்தான். 2021 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டபோது, "அங்கே முடியும், இங்கே முடியாதா?" என்ற கேள்வி கூர்மையானது. இத்தகைய நெடுந்தூர லைன்கள் வழியிலுள்ள கிராமங்களுக்கு நேரடியாக மின்சாரம் தருவதும் இல்லை.

உள்ளூருக்கான 110 கிலோவோல்ட் லைன் அப்படியில்லை; பலன் அதே வட்டாரத்துக்கு வரும். ஆனால் பலன் முப்பது ஊருக்கு, சுமை சில குடும்பங்களுக்கு என்ற கணக்கு இங்கேயும் மாறவில்லை. லைன் வந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 11 கிலோவோல்ட் கம்பியில் மரக்கிளை உரசினாலோ, ஊர் டிரான்ஸ்ஃபார்மர் பழசாக இருந்தாலோ, மறுபடியும் கரண்ட் போகும்.

என்ன கேட்கலாம்?

கோடு காகிதத்தில் இருக்கும்போது மாற்றுவது சுலபம். அஸ்திவாரம் போட்ட பிறகு கோர்ட்தான். ஊரில் சர்வே ஆட்கள் வந்தால் பெற்றோரும் அவர்களோடு நீங்களும் கேட்க வேண்டியவை:

• வேறு எந்தப் பாதைகள் பரிசீலிக்கப்பட்டன? அவை ஏன் தள்ளப்பட்டன?
• டவரை நிலத்தின் நடுவில் வைக்காமல் வரப்போரம் நகர்த்த முடியுமா?
• இழப்பீடு எந்த ஆணையின்படி, எந்த நில மதிப்பில்? பயிருக்கும் மரத்துக்கும் தனியாக உண்டா?
• புதிய துணை மின் நிலையத்திலிருந்து எந்த ஃபீடர்கள் பிரியும்? அதில் நம்ம ஊர் இருக்கிறதா?

பதில்களை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.