ஒரு கணினி மட்டும் ஊர்ந்தால்

மலையோர இணையம் – 9

மூணாறிலோ மறையூரிலோ வட்டவடையிலோ நெட் சுற்றிக்கொண்டே நின்றால், கை முதலில் வெளியேதான் நீளும்: டவர் சரியில்லை, கேபிள் அறுந்திருக்கும், கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான். இந்தச் சந்தேகம் வெறும் புலம்பல் அல்ல. 2020இல் பள்ளிப் பாடமெல்லாம் ஆன்லைனுக்குப் போனபோது எஸ்டேட் பிள்ளைகள் ரேஞ்ச் தேடி மேடேறினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து தொழிலாளர் லயங்கள் புதைந்து 70 பேர் மாண்டார்கள். கரண்டும் போனும் அற்றுப்போயிருந்ததால், சேதி வெளியே எட்ட மறுநாள் காலை ஆயிற்று. இதையெல்லாம் பார்த்த ஊர், வெளியிலிருந்து வருவதைச் சந்தேகிக்காமல் எப்படி இருக்கும்? ஆனால் அந்த நியாயம் ஒரு இடத்தில் செல்லாது. வீட்டில் இரண்டு போனும் ஒரு டிவியும் தடங்கலில்லாமல் ஓட, மேசைக் கணினி மட்டும் ஊர்கிறது என்றால் டவரையும் கேபிளையும் திட்டிப் பயனில்லை. வெளியிலிருந்து வருவது ஒரே இழை. அது மோடத்தில் வந்துதான் பலவாகப் பிரிகிறது. பிரிந்தபின் ஒன்று மட்டும் கெட்டால் கோளாறும் பிரிந்த இடத்துக்கு இப்பால்தான் இருந்தாக வேண்டும்.

போன் நன்றாக ஓடுகிறது என்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்லையோர ஊர்களில் போன் வீட்டு வைஃபையை விட்டுவிட்டு சிம்மின் டேட்டாவில் ஓடிக்கொண்டிருப்பது சகஜம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எல்லைக்கு அப்புறத்து டவரைக்கூடப் பிடித்துக்கொள்ளும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, கணினி இருக்கும் அதே மேசையில் போனை வைத்துப் பார்த்தால்தான் அது சாட்சி. அப்போதும் போன் வேகமாக, கணினி மெதுவாக இருந்தால் அடுத்து ஒரு லேன் கேபிளை எடுத்துக் கணினியை மோடத்தில் நேராகச் செருக வேண்டும். இந்த ஒரு காரியம் பாதி சந்தேகத்தைத் தீர்த்துவிடும். கேபிளில் ஓடி வைஃபையில் ஊர்ந்தால் குற்றவாளி காற்றுவழி. பழைய லேப்டாப்புகள் பலவற்றின் வைஃபை கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். புதிய போன் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவிவிடும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய லயங்களிலும் சித்தூர்த் தெருக்களிலும் அக்கம்பக்கத்து மோடங்களெல்லாம் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில்தான் இரைகிறது. 'அப்படியானால் எல்லாவற்றையும் 5க்கு மாற்றிவிடலாமே' என்றால், அதுவும் ஆகாது. 5 வேகமானது, ஆனால் சுவரைத் துளைக்கும் தெம்பு குறைவு. கருங்கல் சுவர் இரண்டைத் தாண்டி உள்ளறையில் இருக்கும் கணினிக்கு நெரிசலான 2.4தான் கதி, அல்லது மோடத்தை இடம் மாற்ற வேண்டும், அல்லது கேபிளே போட்டுவிட வேண்டும். மேசைக் கணினிக்குக் கேபிளைவிட மலிவான மருந்து கிடையாது.

கேபிளிலும் ஊர்ந்தால், கேபிளையே பார்க்க வேண்டும். லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடி செம்புக் கம்பிகள். நொடிக்கு 1000 மெகாபிட் போக நான்கும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். எலி கடித்தோ கதவிடுக்கில் நசுங்கியோ ஒரு ஜோடி போனால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இணைப்பு 100க்கு இறங்கிவிடும். இன்னும் கெட்டால் 10. விண்டோஸில் நெட்வொர்க் அமைப்பைத் திறந்தால் இந்த எண் தெரியும். பார்ப்பவர்தான் குறைவு. துலாவர்ஷ மாதங்களில் பிற்பகல் இடிமின்னல் இந்த வேலையை இன்னும் சுத்தமாகச் செய்யும். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் பயமில்லை என்று நினைப்பது அரை உண்மை. மோடத்தின் அடாப்டர் கரண்ட் கம்பியோடும் லேன் கேபிள் கணினியோடும் செம்பால்தான் இணைந்திருக்கின்றன. மின்னல் பட்ட லேன் போர்ட் முழுதாகச் சாகாமல் பாதி உயிரோடு தட்டுத்தடுமாறும்போதுதான் குழப்பம் அதிகம். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் பிங் என்று அடித்து மோடத்தின் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, கொடுத்தால் பதில் ஓரிரு மில்லி நொடியில் வர வேண்டும். வீட்டுக்குள்ளேயே ஐம்பது, நூறு ஆகிறது என்றாலோ இடையிடையே பதிலே இல்லை என்றாலோ, இழை வெளியே எவ்வளவு நன்றாக இருந்தும் என்ன?

இதற்கும் பிறகு மிஞ்சுவது கணினிதான். டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் வரிசையைப் பார்த்தால் விண்டோஸ் அப்டேட் இறங்கிக்கொண்டிருப்பதும், ஒன்டிரைவ் கல்யாணப் படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருப்பதும் தெரிந்துவிடும். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் அது இணையக் கோளாறே அல்ல. பழைய ஹார்டு டிஸ்க் மூச்சுவாங்குகிறது, பழி நெட்டுக்குப் போகிறது. இங்கே என் வாதத்துக்கு ஒரு விலக்கும் உண்டு. ஒரு கணினி தன்னை மட்டுமல்ல, வீட்டையே மந்தமாக்கலாம். 2010இல் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜிம் கெட்டிஸ், வீட்டிலிருந்து பெரிய கோப்பு ஏற்றும்போது மற்ற எல்லாமே நொடிக்கணக்கில் தாமதிப்பதைக் கவனித்துத் துருவினார். வேகம் குறையவில்லை; வழியிலிருந்த கருவிகளின் தற்காலிக நினைவகம் தேவைக்கு மேல் பெரிதாக இருந்து, பாக்கெட்டுகளை வரிசையில் தேக்கிவைத்தது. ஏற்றத்தை நிறுத்தியதும் வீடு முழுக்கச் சரியாகிறது என்றால் பெரிய பிளான் வாங்கிப் பணத்தை விடுவது வீண்.

பலர் ஏமாற்று என்று நினைக்கும் ஒன்று வெறும் கணக்கு. கேரள அரசின் இணையத் திட்டமான கே-ஃபோன் 2023 ஜூனில் தொடங்கியபோது அறிவித்த அடிப்படைத் திட்டம் மாதம் 299 ரூபாய்க்கு நொடிக்கு 20 மெகாபிட். அதில் கோப்பு இறக்கும்போது பிரௌசர் 2.4 என்று காட்டினால் எட்டில் ஏழு பங்கு களவு போகவில்லை. பிரௌசர் காட்டுவது மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 20 மெகாபிட்டுக்கு 2.5தான் உச்சம்.

'இப்படியெல்லாம் எழுதினால் கம்பெனிக்காரனுக்குத்தானே வசதி? போன் செய்தாலே உங்கள் கணினியில்தான் கோளாறு என்கிறான்' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஒரு ஜிபான் ஃபைபர் போர்ட்டின் 2.5 கிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பங்கிடும் அமைப்பில், உள்ளூர் ஆபரேட்டர் மேல்நோக்கிய திறனைக் குறைவாக வாங்கியிருந்தால் இரவு எட்டு மணிக்கு ஊரே ஊரும்; அதற்கு வீட்டைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் குற்றத்தை நிறுவத்தான் வீட்டுக்குள் சோதனை வேண்டும். மோடத்தில் நேராகச் செருகிய கணினியில், வைஃபையை அணைத்துவிட்டு, காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் எடுத்த அளவு கையில் இருந்தால் 'உங்கள் கணினிதான்' என்ற பதில் நிற்காது. வேகச் சோதனைக்கு ஆபரேட்டரின் சொந்த சர்வரையே தேர்ந்தெடுத்தால் எண் அழகாக வரும், ஆகவே சென்னை அல்லது கொச்சியில் வேறு நிறுவனத்தின் சர்வரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியச் சட்டத்தின் தரை மிகத் தாழ்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச வேகம் 2023இல்தான் 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட் ஆயிற்று. பிளானில் சொன்ன வேகத்தைக் கேட்பதற்கு அந்தத் தரை உதவாது. பிளான் ரசீதும் அளவுகளும் உதவும். புகார் கொடுத்ததும் தரப்படும் டாக்கெட் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். தீர்வு திருப்தி இல்லையென்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிப்படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம், கட்டணம் கிடையாது. அந்த மனுவோடு சேர்க்க வேண்டியவை கேபிளில் எடுத்த அளவுகள். வைஃபையில் எடுத்தவற்றை வைத்தால் முதல் கேள்வியிலேயே கீழே விழும்.