ஒளிநாரும் அதன் முனைகளும்

எமதூர் ஆற்றைக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தான் என்பது கன்னபரம்பரைக் கதை. நீரோட்டம் மிகவேண்டின் வாய்க்காலையே அகலமாக்கல் வேண்டும். ஒளிநாரோ அத்தகையதன்று, நார் கிடந்தபடியே கிடக்க, முனைக் கருவிகளை மாற்றி அதன் ஆற்றலைப் பெருக்கலாம். 2005ஆம் ஆண்டிற் கொழும்பை இணைத்த சீ-மீ-வீ 4 கடலடி வடம், அலைநீளம் ஒன்றிற்குச் செக்கனுக்கு 10 கிகாபிற் என்னும் நிலையினின்று பின்னர் 40 ஆக உயர்ந்தது இவ்வாறே.

தரவு நிலையங்களில் அம்முனைக் கருவி ரான்சீவர் எனப்படும். மின்குறியை ஒளியாக்கிச் செலுத்துதலும், வரும் ஒளியை மின்குறியாக்கலும் அதன் தொழில்.

ஆயின் எந்நாருக்கும் எக்கருவியும் பொருந்துமெனக் கொள்ளற்க. உள்ளகம் 50 மைக்கிரோமீற்றரான மல்ரிமோட் நாரில் ஒளி பல பாதைகளிற் சென்று முன்பின்னாகச் சேரும். ஆதலின் வேகம் மிக, எல்லை குறுகும். ஓஎம்4 வகை நாரில் 10 கிகாபிற் எஸ்ஆர் கருவி 400 மீற்றர் எட்டும். 100 கிகாபிற் எஸ்ஆர்4 கருவியோ 100 மீற்றரே எட்டும். இரண்டன்று, எட்டு நார்களும் வேண்டும். எனவே நேற்றுவரை குறைவின்றி இயங்கிய 200 மீற்றர் இணைப்பு, புதுக்கருவி பூட்டியதும் வாய்மூடிவிடலாம். உள்ளகம் ஏறத்தாழ 9 மைக்கிரோமீற்றரான சிங்கிள்மோட் நாரில், எல்ஆர்4 கருவி இரு நார்களிலேயே 10 கிலோமீற்றர் எட்டும், விலைதான் மிகுதி.

நெடுந்தூரக் கருவியே எங்கும் நன்றெனலும் பிழை. 80 கிலோமீற்றருக்கு அமைந்ததைச் சில மீற்றரிற் பூட்டின், மிகையொளி வாங்கியைக் கெடுத்துவிடும்.

ஆதலின் நாரின் வகை, தொகை, நீளம், ஒளியிழப்பு ஆகியவற்றை அளந்த பின்னரே விலை பேசுக. சிறுவரவுடைய நிறுவனங்கட்கு, அளவாது வாங்கிய கருவி புதுவடம் இழுக்கும் பெருஞ்செலவாய் முடியும்.