துள்ளும் கால்களும் பள்ளிப் பாடமும்

‘கைகட்டு, வாய் பொத்து!’ தலைமுறை தலைமுறையாக நம் வகுப்பறைகளில் ஒலித்து வரும் கட்டளை இது. அசையாது அமர்ந்திருப்பவன் நல்ல பிள்ளை. நெளிபவனும் எழுந்து ஓடுபவனும் அடங்காப் பிள்ளைகள். தேர்வு நெருங்கிவிட்டாலோ, விளையாட்டு வகுப்பையும் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. பெற்றோராகிய நாமும், படிக்கும் நேரம் கூடியது என்று மனநிறைவு கொள்கிறோம். ஓடியாடுவது வேறு, படிப்பது வேறு. ஒன்றுக்குக் கொடுக்கும் நேரம் மற்றொன்றுக்கு இழப்பு என்பது நம் உள்ளத்தில் ஆழ வேரூன்றிய எண்ணம். இவ்வெண்ணம் சரிதானா?

நெதர்லாந்து நாட்டின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்கேள்விக்கு விடை தேடினார்கள். அந்நாட்டின் வட பகுதியிலுள்ள 12 தொடக்கப் பள்ளிகளில், 2, 3ஆம் வகுப்புகளில் பயின்ற 499 குழந்தைகள் இவ்வாய்வில் இடம்பெற்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர் வழக்கம்போல் அமர்ந்தே படித்தனர். மற்றவர்களுக்கு வாரம் மூன்று முறை, 20 முதல் 30 நிமிடம் வரை, கணக்கும் மொழிப் பாடமும் உடலசைவோடு கற்பிக்கப்பட்டன.

குதித்தால் கணக்கு வரும்!

இதற்குத் திடல் தேவைப்படவில்லை. விளையாட்டுக் கருவிகளும் தேவைப்படவில்லை. குழந்தைகள் தத்தம் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றனர். பலகையில் ஒரு பெருக்கல் கணக்குத் தோன்றும். விடை எட்டு என்றால் எட்டு முறை குதிப்பார்கள். ஒரு சொல் தோன்றும். எழுத்துக்கு ஒரு துள்ளலாக அச்சொல்லை எழுத்துக் கூட்டுவார்கள். இவ்வாறு இரண்டு கல்வியாண்டுகள், ஆண்டுக்கு 22 வாரங்கள் நடந்தது.

2016இல் முடிவு வெளியாயிற்று. துள்ளிக் கற்ற குழந்தைகள், கணக்கிலும் எழுத்துக் கூட்டலிலும் மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மாதப் படிப்பு அளவுக்கு முன்னேறியிருந்தனர்! வாசிப்புத் திறனில் மட்டும் இரு சாராருக்கும் வேறுபாடு தென்படவில்லை. ஆகவே, குதித்தால் எல்லாப் பாடமும் வந்துவிடும் என எண்ணுதல் கூடாது. வாய்ப்பாடு, எழுத்துக் கூட்டல் போன்று, திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் பதிக்க வேண்டியவற்றுக்கே இம்முறை துணை நின்றது. ஆயினும், அசைவுக்குக் கொடுத்த நேரத்தால் படிப்பு குன்றவில்லை என்பது தெளிவாயிற்று. இதுவே நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் நன்கு உடலுழைத்து இயங்க வேண்டும் என 2020இல் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. பள்ளியில் அமர்ந்து, வாகனத்தில் அமர்ந்து, தனிப்பயிற்சியில் அமர்ந்து, வீட்டில் கைப்பேசியோடும் அமரும் பிள்ளைக்கு இந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்?

வீட்டிலும் செய்யலாம்

பிள்ளை மாடிப்படி ஏறும்போது படிக்கு ஒன்றாக ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லட்டும். ‘பறவை’ என்று உம்மா சொன்னால், ப, ற, வை என மூன்று தாவல் தாவட்டும். தரையில் சுண்ணக்கட்டியால் எண்களை எழுதி, வாப்பா கேட்கும் கணக்கின் விடைமீது போய் நிற்கட்டும். குதிக்க இயலாத பிள்ளை கை தட்டலாம், தோள் அசைக்கலாம். ஆனால் அசைவு பாடத்தோடு இணைந்திருத்தல் வேண்டும். வயிறு நிறைய உண்டவுடன் வேண்டாம்.

அடுத்த முறை பெற்றோர் கூட்டத்திற்குச் செல்லும்போது, மதிப்பெண்ணை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். ‘என் பிள்ளையின் விளையாட்டு வகுப்பு அவனுக்கே கிடைக்கிறதா? பாட வேளையில் எழுந்து இயங்க இடமுண்டா?’ என்றும் பரிவோடு கேளுங்கள். நெளியும் பிள்ளை நெறி கெட்ட பிள்ளையன்று. அவனது துடிப்பை அடக்கி ஒடுக்குவதைவிட, அதனைப் பாடத்தின்பால் திருப்பிவிடுவதே அறிவுடைமை.